இரண்டாவது கருவி

மணி இரண்டு பத்து. பல்கலைக்கழகத்தின் பின்பக்கச் சாலை. இரண்டு பக்கமும் பூட்டிய கட்டடங்கள். நடுவில் ஒரே ஒரு விளக்கு… எரியலாமா வேண்டாமா என்று அதுவும் யோசித்துக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக நடந்து வந்தாள்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது எனக்கு நடந்ததில்லை. நடந்திருந்தால் இவ்வளவு நிதானமாகச் சொல்ல மாட்டேன். என் நண்பனுடைய அத்தானுக்கு நடந்தது. வளாகத்து வைஃபை அவர் பொறுப்பு. மாணவர், ஆசிரியர், வந்து போகிறவர்… யாருக்கு இணைப்பு, எத்தனை மணி நேரத்துக்கு என்று பார்க்கிற வேலை. அன்றைக்கு இரவு முறை. இரண்டாம் மாடியில் கடைசி அறை. ஏசியின் உறுமல். சூடான வயர் வாசனை.

அவள் வாசலில் நின்று, தன் மகன் இங்கே படித்தவன் என்றாள். நான்கு மாதத்துக்கு முன் அவன் போன பேருந்து ஆற்றில் விழுந்தது. உடல் கிடைத்தது. தோளில் மாட்டியிருந்த பை கிடைக்கவில்லை. மடிக்கணினி அந்தப் பையில். செல்போனை மட்டும் வீட்டில் மறந்து விட்டுப் போயிருந்தான். அது இப்போது அவள் கையில்.

பாடங்களைத் தன் குரலிலேயே வாசித்துப் பதிந்து, கேட்டுப் படிக்கிற பழக்கம் அவனுக்கு. பதிவுகள் எல்லாம் பல்கலைக்கழகக் கணக்கில். வளாகத்து வைஃபையில் நுழைந்தால்தான் திறக்கும். பெயர் நீக்கப்பட்டவர்களின் கணக்குகளைக் காலை ஆறு மணிக்கு அழிக்கப்போவதாக அவன் போனுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் கிடைத்த வண்டியில் ஏறிவிட்டாள்.

“அவன் குரல் வேற எங்கயும் இல்ல தம்பி. ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்.”

பிரதி எடுத்துக் கொடுக்க மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவர் கண் விழிக்கவே எட்டு மணி. மூடிய கணக்கைத் திறக்க ஒரே ஒரு வழிதான்: அதை வருகையாளர் என்று பதிந்து, ஊழியர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அத்தான் ஒரு மணி நேரம் தருகிறேன் என்றார். அவள் விடியும்வரை கேட்டாள். கடைசியில் மூன்று மணி நேரத்தில் படிந்தது.

படிவத்தில் ஒரு கேள்வி: எந்தக் கருவிக்கு? கீழே பையன் முன்பு பதிந்து வைத்திருந்த இரண்டு வரிகள். செல்போன், மடிக்கணினி. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் மற்றதற்காக மறுபடி வந்து நிற்பார்கள் என்று, கை தானாக எல்லாவற்றையும் டிக் அடித்துவிடும். அத்தானின் கையும் அடித்தது.

போனைக் காதில் வைத்துக்கொண்டாள். ஏசியின் உறுமலையும் மீறி அவருக்கும் கேட்டது. பையன் குரல், கொஞ்சம் அவசரமாக: “மண் துகள்களுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தில் நீர் புகும்போது…” அவள் சிரித்தாள். அழுகையும் சேர்ந்த சிரிப்பு.

பத்து நிமிடம் போயிருக்கும். திரையில் ஒரு வரி கூடியது.

மடிக்கணினி. இணைந்தது. இடம்: பிரதான வாசல்.

யாராவது திருடி வைத்திருப்பான் என்று அத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த வரி… நூலகம். அடுத்தது… கேன்டீன். ஆள் நடக்கிற வேகம். பிறகு இதே கட்டடம், கீழ்த்தளம்.

படியில் சத்தம். சளக்… சளக்… தண்ணீர் நிரம்பிய ஷூவின் சத்தம். ஆற்றுச் சேற்று வாடை கதவிடுக்கு வழியாக வந்தது.

கணக்கை மூடினால் இரண்டும் நிற்கும். அத்தான் மவுஸைப் பிடித்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேணாம் தம்பி. அவன்தான் வர்றான். வரட்டும்.”

திரையில்: இரண்டாம் மாடி, கடைசி அறை.

அழுத்திவிட்டார். வாக்கியத்தின் பாதியில் பையனின் குரல் நின்றது. கதவுக்கு வெளியே சத்தமும் நின்றது.

அதற்கப்புறம் அவள் கெஞ்சியதை அத்தான் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. காலைப் பிடித்தாள். கையில் கிடந்த வளையலைக் கழற்றி மேசையில் வைத்தாள். திரும்பத் திறக்க ஒரே ஒரு பொத்தான். பயத்தில் அவருக்கு விரல் நீளவில்லை. ஆறு மணிக்குக் கணக்கு அழிந்தது. எல்லாப் பதிவுகளும் போயின. அவள் வளையலைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். கதவுக்கு வெளியே, இரண்டு ஷூ அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது.

அவளை அந்த ஆற்றுப் பாலத்தில் இறக்கிவிட்டதாகப் பேருந்து நடத்துனர் சொன்னாராம். அதற்குமேல் அவளைப் பார்த்தவர் இல்லை.

ஒன்பதாம் இரவு அத்தானின் திரைக்கு ஒரு வருகையாளர் விண்ணப்பம் வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. வருவோர்: இருவர். சந்திக்க வேண்டியவர் என்ற இடத்தில் அத்தான் பெயர். நோக்கம்: மீதியைக் கேட்க.

அன்றைக்கே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மீதிக்கு அவர் எங்கே போவார்? பழைய புத்தகக் கடையெல்லாம் அலைந்து, பையன் வாசித்த அந்தப் பாடப் புத்தகத்தை வாங்கி வந்தார். இப்போது தினமும் ராத்திரி, கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறார். தொண்டை கட்டிப் போய்விட்டது. நிறுத்தச் சொல்லி நண்பனின் அக்கா அழுது பார்த்துவிட்டாள். ஒரே ஒரு நாள் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்… எதிரே காலியாகக் கிடந்த இரண்டு நாற்காலிகளும் அவர் பக்கமாக ஒரு சாண் நகர்ந்ததை அக்காவே பார்த்தாள்.

புத்தகத்தில் இன்னும் பதினோரு பக்கம் பாக்கி இருக்கிறதாம்.