கதவில்லாத அறையில் கிடந்த கார்

உச்சி வேளை. தார் உருகுகிற வெயில். பேய் வர இருட்டு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறீர்களே, அதற்காகத்தான் சொல்கிறேன்... இது பட்டப்பகலில் நடந்தது. இப்போது பெய்கிற மழை விட்டால் லோடு ஏற்றக் கூப்பிடுவார்கள். அதுவரைக்கும் கேளுங்கள்.

நம்மோடு உப்பு மூட்டை தூக்கினானே சித்தார்த்தன், அவன் மச்சான் இளவழகனுக்கு நடந்தது. விழுப்புரத்துக்காரன். பழைய கார் எங்கே கிடந்தாலும் போய்ப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சென்னை முதலாளிக்குச் சொல்வது அவன் வேலை. போன தடவை துருவைப் பட்டி பூசி மறைத்த வண்டியை நல்ல வண்டி என்று சொல்லிவிட்டான். முதலாளி போனிலேயே கிழித்துவிட்டார். இன்னொரு தடவை தப்பாகச் சொன்னால் வேலை போச்சு. அந்தப் பயத்தோடுதான் பைக்கை எடுத்தான்.

கிளியனூர் தாண்டி உள்ளே போகும் மண் பாதை. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைச் செடி தவிர ஒன்றும் இல்லை. ஒரு ஆள் இல்லை. ஒரு நாய் இல்லை... காற்றும் இல்லை.

கொல்லைக்காரன் பேர் ராஜவேலு. புயலில் அவன் கிடங்கின் சுவர் விழுந்திருக்கிறது. விழுந்த சுவருக்குப் பின்னால் இன்னொரு அறை. அதற்குக் கதவு கிடையாது, சன்னல் கிடையாது. காரை உள்ளே விட்டு, செங்கல் முட்டு வைத்து நிறுத்தி, நாலு பக்கமும் சுவர் எழுப்பி மூடியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து ஆஸ்டின். கறுப்பு.

ராஜவேலுவின் அம்மா தேவகி இடிந்த செங்கல் மேல் உட்கார்ந்திருந்தாள். வெயிலில் வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை.

"எவன்யா உன்ன வரச் சொன்னது?"

"உங்க புள்ளதாம்மா."

"அவனுக்குப் புத்தி கெட்டுப் போச்சு. நீ வந்த வழியே போ."

"நீ கம்முனு இரும்மா," என்றான் ராஜவேலு. "சார், நீங்க பாருங்க."

இளவழகன் விரல் முட்டியால் கார்க் கதவைத் தட்டினான். டங்... நல்ல தகரம். காந்தத்தை வைத்தான். சட்டென்று ஒட்டியது. பட்டி இல்லை. உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஆனால் முகத்தைச் சுளித்தான். வாங்க வந்தவன் சிரித்தால் விலை ஏறிவிடும் இல்லையா.

"டயரு போச்சு. சீட்டு போச்சு. காயலாங்கடைக்குத்தான் ஆவும்."

"யோவ், வந்ததுலேருந்து மட்டந்தட்டிக்கினே இருக்கற," என்றான் ராஜவேலு. 'சார்' என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது. "புடிக்கலன்னா ஜல்தியா கெளம்பு. பாண்டிலேருந்து ஒருத்தன் வந்துகினு இருக்கான்."

அந்தக் காலத்துக் கார்களில் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும். அது உளுத்திருந்தால் வண்டி வெறும் ஓடு. பின் சீட்டுக்குள் நுழைந்து திருப்புளியால் குத்திக் குத்திப் பார்த்தான். மரம் இரும்பு மாதிரி இருந்தது. சீட்டுக்கு மேலே, தலை சாய்கிற இடத்தில்... ஒரு ஆணி.

ஒரு சாண் ஆணி. அதில் முடி சுற்றியிருந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புளியமரத்தில் பார்த்திருப்பீர்கள். பிடித்த பேயை, அது பிடித்தவரின் உச்சிமுடியோடு சேர்த்து ஆணி அடித்துக் கட்டி வைப்பார்கள். அவனும் இந்த மண்ணில் பிறந்தவன்தான், தெரியாதா? தெரியும். ஆனால் உள்ளே வெளியே எல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் முதலாளி. படத்தில் ஆணியும் முடியும் தெரிந்தால் எவன் வாங்குவான்?

பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்தான்.

"அந்த ஆணிய ஏன்யா புடுங்கற?" தேவகி எழுந்து ஓடி வந்தாள். "டேய், அவன் கையப் புடிடா! அத்த அடிச்சி வெக்க எங்க மாமனாரு பட்ட பாடு உனக்கு இன்னாடா தெரியும்!"

"யம்மா, பேஜாரு பண்ணாத. தள்ளு," என்றான் இளவழகன். ராஜவேலு அம்மாவை அப்பால் இழுத்துக்கொண்டு போனான்.

காலை ஊன்றி இழுத்தான். ஆணி வந்தது. கூடவே முடியும் வந்தது. வெளியே தெரிந்த முடி விரல் நீளம்தான். இழுக்க இழுக்க மரத்துக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது... இடுப்பு வரைக்கும் தொங்குகிற கூந்தல். இத்தனை காலம் கிடந்த முடி நார் மாதிரி காய்ந்திருக்க வேண்டும். இது வழவழவென்று இருந்தது. கையெல்லாம் எண்ணெய். இப்போதுதான் தடவிச் சீவிய மாதிரி விளக்கெண்ணெய் வாசனை. அதோடு மரிக்கொழுந்து.

ஜெயம், கதை இருக்கட்டும், அந்தத் தட்டியைச் சாத்து. சாரல் அடிக்கிறது.

முடியை வெளியே எறிந்தான். கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு படம் எடுத்தான். அடுத்து அடிப்பாகம் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தான். முகத்துக்கு நேரே ஸ்பிரிங் பட்டைகள். போன் டார்ச்சை அடித்துத் துரு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்தபோது... பட்டைகள் மெதுவாக அமுங்கின. கிறீச். பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து உட்கார்ந்தால் அப்படித்தான் அமுங்கும்.

"யோவ், நா அடியில கெடக்கறன். எவன்யா மேல ஏறுனது? எறங்கு!"

"நா இங்க மோட்டார் கொட்டாயாண்ட நிக்கறன்யா," என்று ராஜவேலுவின் குரல் தூரத்திலிருந்து வந்தது. "அம்மாவும் இங்கதான் இருக்குது."

பட்டைகள் நிமிர்ந்தன. இறங்கு என்றால் இறங்குகிற மாதிரி. கதவு திறந்த சத்தம் இல்லை. காலடிச் சத்தம் இல்லை. மரிக்கொழுந்து வாசனை மட்டும் அவன் தலைமாட்டில் வந்து நின்றது.

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. சட்டை முதுகில் கிழிந்திருந்தது. அந்த நிலைமையிலும் முதலாளிக்குப் போன் போட்டான். "வண்டி சுத்தமா இருக்குது சார். அப்ப இருந்தது அப்படியே இருக்குது." முதலாளி படங்களைப் பார்த்துவிட்டார். சபாஷ், முடித்துவிடு என்றார். வேலை தப்பியது.

பாண்டிக்காரன் வருவதற்குள் பேச்சு முடிந்து, ராஜவேலு கை குலுக்கினான். இளவழகன் திரும்பிக் கூடப் பார்க்காமல் பைக்கில் ஏறி உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்தபோது வண்டி ஒருமுறை அமுங்கியது. பிறகு... பின்னால் இன்னொரு முறை அமுங்கியது.

கழுத்தைத் திருப்ப அவனால் முடியவில்லை.

அதுவரைக்கும் வாய் ஓயாமல் திட்டிய தேவகி கிட்டே வந்தாள். முகத்தில் கோபமே இல்லை. பல நாள் இருந்து பாரமாகிப் போன விருந்தாளியை வழியனுப்புகிறவள் மாதிரி இருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"பொடவய இழுத்து சொருவிக்கோம்மா," என்றாள். "சக்கரத்துல மாட்டிக்கப் போவுது."