வீட்டுக்காரருக்காக ஓடுகிறவள்

எம்.ரெட்டியபட்டியிலிருந்து அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரருக்குச் சுகரு. அதுக்கு நான் தெனமும் ஓடுறேன்க்கா.”

“நீ எதுக்குடி ஓடுற?”

“ஆஸ்பத்திரி நர்சம்மா சுகருக்காரவுகளை எல்லாம் சாயங்காலம் ஸ்கூலு கிரவுண்டுக்குப் பந்து வெளையாட வரச் சொல்லுச்சு. இவுக, ‘மாத்திரை வாங்க நீதான போற, இதுக்கும் நீயே போயிட்டு வா’ன்னுட்டாக. தொரைக்கு டீக்கடை பெஞ்சை விட்டு எந்திரிக்க முடியுமா?”

“சுகரு கொறைஞ்சிருக்கா?”

“எங்குட்டுக் கொறையும்? அவுக கால் புண்ணே இன்னும் ஆறலை. நேத்து ரத்தம் பாத்தா ஏறிக் கெடக்கு. நான் ஒழுங்கா ஓடலையாம், என்னைய ஏசுறாக.”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இன்னைக்கு ராத்திரி அவுக சோத்தையும் நீயே தின்னுட்டுப் படு. அவுக பசி அடங்குதான்னு பாப்போம்.”