கொக்கிக்கு மேலே லேஸ்

— அவரு படத்தை அழிக்கவா சொல்றேன், லப்பர்ட் அண்ணே? மேல கொஞ்சம் சேர்க்கத்தானே சொல்றேன்.

— கழுத்துல லேஸு, சட்டையில ஆறு பொத்தான். இது கொஞ்சமா நீல்த்யே? உன் புருஷன் உசுரோட இருந்தவரைக்கும் பொத்தானே போட்டதில்ல. ‘பொத்தான் பகட்டு, கொக்கி போதும்’னு படம் வரைய உக்காந்தப்ப எனக்கே பாடம் எடுத்த மனுஷன்.

— எங்க மென்னோ சபையில எல்லாருக்குமே கொக்கிதான். தெரியாத மாதிரி பேசாதீங்க.

— தெரியும்மா. லேஸ் கிடையாது, வாள் கிடையாது, சத்தியம் பண்ண மாட்டீங்க. ஆனா கறுப்புத் துணி மட்டும் இந்த ஹார்லெம் ஊருலயே உசத்தியா இருக்கணும்!

— கிண்டல் பண்ற நேரமா இது? என் பொண்ணு லைஸ்பெத் கல்யாணம் இதுலதான் நிக்குது.

— ஒரு படத்துலயா?

— மாப்பிள்ளையோட அம்மா சொல்லிட்டாங்க. ‘உங்க வீட்டுக்காரர் படத்தை எங்க கூடத்துல மாட்டறோம். ஆனா நகரசபைக்காரங்க வந்து போற இடம். கொக்கி போட்ட சம்பந்தியைக் காட்ட முடியாது’ன்னு.

— மாட்டாமலே விட்டுட்டா?

— அப்பன் இல்லாத பொண்ணுன்னு ஆயிடும்ல! அவ இன்னும் எங்க சபையில ஞானஸ்நானம் எடுக்கல, மாப்பிள்ளை வீட்டுக் கோயிலுக்கே போறேன்னுட்டா. அதையும் முழுங்கிட்டேன். இதையும் முழுங்கணும்.

— அப்புறம் ஏன் அழுவுற?

— சத்தியம் பண்ண மாட்டேன்னு கோர்ட்டுல நின்னு வழக்கையே தோத்தவரு, அண்ணே. செத்தப்புறம் நானே அவருக்குப் பொய் வேஷம் போடறேன்.

— அந்தக் கூடத்துல வேற யாரு படம் இருக்கு?

— நடுவுல அந்தம்மாவோட அப்பா. என்னா கம்பீரம்! நாலு விரல் அகலத்துக்கு லேஸு. அது பக்கத்துல இவரு எடுபடுவாரா?

— லேஸுல துலிப் பூவா? இடது ஓரத்துல ஒரு பூ மட்டும் பாதியில நிக்குமா?

— ஆமா! நீங்க அந்த வீட்டு வாசப்படியே மிதிச்சதில்லையே, எப்படித் தெரியும்?

— யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். உன் கண்ணீரு என் வாயத் தொறக்க வச்சிடுச்சு.

— என்ன அண்ணே?

— பத்து வருஷத்துக்கு முன்னால அந்தம்மா இதே நாற்காலியில உக்காந்து இதே மாதிரி அழுதாங்க. அவங்க அப்பா படத்துல லேஸ் அவசரமா வேணும்னாங்க, அதான் கடைசிப் பூ முடியல. அந்த லேஸுக்குக் கீழயும் கொக்கிதான் இருக்கு, தங்கச்சி.