மேடையில நிக்கிற அந்தம்மா

இல்ல தம்பி, அங்க நிக்காதீங்க, இந்தப் பக்கம் வாங்க. அங்க நின்னா சூரியன் நேரா மூஞ்சியில அடிக்கும், வர்ற விமானமெல்லாம் படத்துல கரித்துண்டு மாதிரி விழும். ஆ, இங்கதான். நான் விடியறதுக்கு முன்னாடியே வந்து பிடிச்ச இடம் இது. வேலிக் கம்பி இங்க மட்டும்தான் கொஞ்சம் வளைஞ்சிருக்கு, லென்ஸு உள்ள போகும்.

போன்லயா எடுக்கப் போறீங்க? எடுங்க, எடுங்க. இந்தக் காலத்துல எதுல எடுத்தா என்ன. எதையோ அமுக்குறவங்களுக்குத்தான் காலம்.

எது, அந்த மேடையா? ஓடுபாதைக்குப் பக்கத்துல கயிறு கட்டியிருக்கே, அதுவா? அங்க எல்லாரும் போக முடியாது தம்பி. ஒவ்வொரு விமானக் கண்காட்சி முடிஞ்சதும் எடுத்த படங்களை அனுப்பச் சொல்வாங்க. அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுப்பாங்க. எடுத்தவங்களுக்கு அடுத்த தடவை அங்க இடம். முன்னாடி வேலி கிடையாது, எவன் தலையும் கிடையாது. பைலட்டோட ஹெல்மெட்ல இருக்குற கீறல்கூடத் தெரியுமாம். நானும் வருஷா வருஷம் அனுப்புறேன். ம்ஹூம்.

சும்மா சொல்லல, நான் முறையா எடுக்கிறவன். ஜெட்டை யாரு வேணா எடுத்துடலாம். முன்னாடி விசிறி சுத்துற விமானம் வருது பாருங்க, அதுலதான் இருக்கு வித்தை. கேமராவுல ஷட்டரை வேகமா வச்சா விசிறி அப்படியே உறைஞ்சு, கரண்டு போன ஃபேன் மாதிரி தொங்கும். மெதுவா வச்சாத்தான் சுத்துறது தெரியும். ஆனா மெதுவா வச்சா கை ஆடும். அதனால காலை ஊணிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு, இடுப்பிலேருந்து திரும்பணும். மொட்டை மாடியில காக்காவைத் துரத்தித் துரத்திப் பழகினேன். எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பக்கத்து வீட்டுல முடிவே பண்ணிட்டாங்க.

இந்தத் தடவை இடம் யாருக்கா? அதோ, சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு ஓரமா நிக்கிறாங்களே, அந்தம்மாவுக்கு.

நல்லா எடுப்பாங்களாவா? நல்லாக் கேட்டீங்க போங்க. அந்தம்மாவுக்கு ஷட்டர்னா கடைக்கு இழுத்து விடுறதுதான் தெரியும். கையில இருக்குற கேமராகூட இன்னொருத்தர் வேணாம்னு ஒதுக்கினது. எல்லாத்தையும் ஆட்டோவுல போட்டு ஒரே அமுக்கு. குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி. உள்ள வரும்போது வாசல்ல பெருசா ஒரு படம் ஒட்டியிருந்துச்சே, பார்த்தீங்கல்ல? அதுதான்.

ஆமா, நல்லாருக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் சொல்லிட்டுப் போங்க. படமே கோணல் தம்பி! அடிவானம் சாஞ்சு கிடக்கு. விமானம் எவ்ளோ இருக்கு அதுல? மூலையில சுண்டு விரல் நகம் மாதிரி ரெண்டு. மிச்சம் பூரா ஆம்பளைங்க. வேலியோரமா வரிசையா, ஆளுக்கொரு பீரங்கி மாதிரி கேமராவைக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு, அத்தனை பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

ஏன் குனிஞ்சிருக்காங்கன்னு கேக்குறீங்களா? அது எங்களுக்கு இருக்குற வியாதி. எடுத்த கையோட கேமராவுக்குப் பின்னாடி இருக்குற திரையைப் பார்க்கணும், நல்லா வந்திருக்கான்னு. பார்க்கலைன்னா கை அரிக்கும். போன கண்காட்சி அன்னைக்கு நாலு விமானம் சேர்ந்தாப்ல தலைகீழா போச்சு. எல்லாரும் எடுத்தோம். உடனே குனிஞ்சோம். அந்த நேரம் பார்த்து ரெண்டு விமானம் எதிரும் புதிருமா வந்து, எங்க தலைக்கு மேலயே உரசுற மாதிரி கடந்து போச்சு. கண்காட்சியிலயே பெரிய வித்தை அதுதான். ஒலிபெருக்கியில சொன்னாங்களாம், அந்த இரைச்சல்ல யாருக்குக் கேட்டுச்சு? நாங்க நிமிர்ந்தப்போ புகைதான் மிச்சம்.

அந்தம்மா மட்டும் ஓரமாத் தள்ளி நின்னு, நிமிர்ந்து பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. விமானத்தையும் பார்த்து, எங்களையும் பார்த்து, அமுக்கிட்டாங்க.

சிரிங்க. எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டேதான் உள்ள வர்றாங்க. அதுலயும் நடுவுல ஒருத்தர், வழுக்கை பளபளன்னு, வாயைப் பொளந்துக்கிட்டு... ஆமா, நான்தான். இன்னைக்குத் தொப்பி போட்டா அடையாளம் தெரியாதுன்னு நெனச்சேன். பரவாயில்ல, விடுங்க. மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன் தம்பி. ஊருக்கே எழுத்தைக் காட்டி, தெரியுதா தெரியுதான்னு கேக்குறவன் நான். இப்ப கடைக்கு வர்றவன் எல்லாம் என்னைக் கேக்குறான்.

கோவமெல்லாம் இல்ல. கோவம்னா நாலு வார்த்தை கத்தித் தீர்த்துடலாம். இது பொறாமை. வயிறு எரியுது. போன் அடிச்சா எரியுது, அவங்களுக்கு இன்னொரு வாழ்த்துன்னு. பக்கத்து அறையில அவங்க சிரிச்சுப் பேசுறது கேட்டா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

பக்கத்து அறையிலதான். ஒரே வீடுதானே. என் பொண்டாட்டிதான் அது.

அப்படிப் பார்க்காதீங்க. அந்தப் பழைய கேமராவும் நான் கொடுத்ததுதான். இத்தனை வருஷமா எல்லாக் கண்காட்சிக்கும் கூடவே வருவா. லென்ஸு மேல வெயில் விழாம எனக்குப் பின்னாடி நின்னு குடை பிடிப்பா. பாவம், போரடிச்சு நிக்கிறாளேன்னு ஒரு தடவைகூட நெனச்சதில்ல. போரடிக்கவும் இல்ல போல. நான் ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு நின்ன நேரமெல்லாம் அவ ரெண்டு கண்ணாலயும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கா. அதுதான் தம்பி எனக்குத் தாங்கல. அந்த மேடை இடம் கிடைக்காததுகூட இல்ல.

மேடைக்கு அவகூட இன்னொரு ஆளும் போகலாம். வாங்கன்னு கூப்பிட்டா. கடையில வேலை இருக்குன்னுட்டேன். இப்ப நான் கடையில இருக்கேன்னுதான் நெனச்சுக்கிட்டிருப்பா. ஆனாலும் அனுமதி அட்டையை என் சட்டைப் பையில வச்சு விட்டிருக்கா. பாருங்க, என்ன போட்டிருக்கு? உதவியாளர். நான்! இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அங்க போய் நின்னா, படத்துல வாயைப் பொளந்தவன் இவன்தான்னு ஊரே கை காட்டும். சாகுற வரைக்கும் போகமாட்டேன்.

அதோ, சத்தம் கேக்குதா? கிளம்பிட்டாங்க. நீங்க மேல பாருங்க. நானா? நான் அங்கதான் பார்க்குறேன். ஒரு கையை நெத்தியில வச்சு வெயிலை மறைச்சுக்கிட்டு, ஒத்தைக் கையில கேமராவைத் தூக்குறா பாருங்க. ஆடும்டி, ஒத்தைக் கையில எடுத்தா ஆடும். சொன்னாக் கேக்கமாட்டா. வெயில் வேற அவளுக்கு ஆகாது, இன்னைக்கு வீட்டுக்குப் போய் தலையைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துடுவா.

தம்பி, நீங்க இந்தக் கம்பி வளைஞ்ச இடத்துல நின்னுக்குங்க. நல்லா வரும். இல்ல, பொறாமை எங்கயும் போகல, அது அப்படியேதான் இருக்கு. கொஞ்சம் வழி விடுங்க. குடை என்கிட்டதான் இருக்கு.