முள் நடுவுக்கு வரட்டும்

— முள்ளு ஏறிடுச்சா?

— எங்க ஏறுது சம்சா! இப்பதான காருக்கு சாவி போட்டேன். சூட்டு முள்ளு கீழ படுத்துகினு கீது. நடுவுக்கு வர இன்னும் நேரம் ஆவும்.

— ஷெட்டு கதவ தொறந்து வெச்சீங்களா? பொகை உள்ளயே சுத்தும்.

— தொறந்துதான் கீது. ஷார்ஜாவுல ஒக்காந்துகினு கடப்பாக்கத்து கதவப் பத்தி கவலப்படு நீ. ஏன் மூஞ்சிய காட்ட மாட்டேன்ற? வீடியோ போடு.

— நெட்டு இழுக்குதுங்க. சமையல்கட்டுல சரியா எடுக்காது. பேசுங்க, கொரல் நல்லா கேக்குது.

— பெட்ரோல் முள்ளு பாதிக்கு கீழ எறங்கிடுச்சு. போன வெள்ளிக்கெழம பாதியில இருந்துச்சு.

— ஒரு அடி நவுராத காரு, எப்படிங்க குடிக்குது?

— நின்ன எடத்துலயே குடிக்கும், அதான் பணக்கார வண்டி. சாவி போட்ட ஒடனே அந்த முள்ள நம்பவும் கூடாது. அது தூக்கம் கலஞ்சு எந்திரிச்சு நிக்கணும். ஷெட்டு தரை வேற சாய்வு, கொஞ்சம் பொய் சொல்லும்.

— உங்க சம்பத் சாரும் ஒரு மனுசன். ரேஸு காரு மாதிரி வாங்கி பங்களாவுல பூட்டி வெச்சுட்டு, வாரா வாரம் வாட்ச்மேன் உங்கள வுட்டு உறும வெக்கிறாரு.

— இல்லாட்டி பேட்டரி செத்துடுமாம்மே. ஸ்டார்ட் பண்ணு, ரெண்டு முள்ளையும் பாரு, சூடு நடுவுக்கு வந்தா அணைச்சுடு, கியர தொடாத. சொல்லிக் குடுத்தது அவ்ளோதான். தொட்டாலும் எனுக்கு இன்னா ஓட்டவா தெரியும்?

— சரி, எப்பவும் போல நான் பக்கத்து சீட்டுல ஏறிட்டேன்னு வெச்சுக்கோங்க. போலாமா?

— இன்னிக்கு எங்க?

— மகாபலிபுரம். போற வழியில புதுப்பட்டினத்துல நிறுத்துங்க, மீன் வறுவல் வாங்கணும்.

— காருக்குள்ள நாத்தம் அடிக்குமேடி! சரி, வாங்கிக்கோ. கூவத்தூரு தாண்டிட்டோம். எஞ்சினு முதுகுக்குப் பின்னாடி கீதா, சூடு மெல்ல ஏறுது. யாரோ பின்னால நின்னு மூச்சு வுடற மாதிரி.

— நம்ம பொண்ணு ஹனியா எங்க? அவளையும் ஏத்துங்க.

— ரெண்டே சீட்டு. எங்க ஏத்த?

— என் மடியில.

— மடியிலயா? அவ தோளுக்கு மேல வளந்துட்டா சம்சா.

— யாரு தோளுக்கு? உங்க தோளா, என் தோளா?

— என் தோளுதான். அடுத்த மாசம் நீயே வந்து பக்கத்துல நின்னு அளந்துக்க. நீ வேல செய்ற வூட்டு மேடம் டிக்கெட்டு போட்டாங்களா?

— கேட்டிருக்கேங்க.

— போன மாசமும் இதத்தான் சொன்ன. வூட்டுக்கு பெயிண்டு அடிச்சுட்டேன். நீ கேட்ட பச்ச. ஹனியா செவுத்துல கை வெச்சு பாத்து, ஒரு கை அடையாளம் அங்கயே நின்னுபோச்சு. திட்டல. நீ வந்து திட்டிக்க.

— ஏங்க, ஒண்ணு கேக்கணும். அந்த சூட்டு முள்ளு நடுவ தாண்டி மேல போச்சுன்னா இன்னா செய்யணும்?

— போவாது. போவறதுக்குள்ள ஃபேன் சுத்திடும்.

— போச்சுன்னா?

— மொதல்ல ஏசிய அணைக்கணும். அப்பறம் ஹீட்டர ஃபுல்லா வெக்கணும்.

— ஹீட்டரா? இந்த வெயில்லயா?

— எஞ்சின் சூட்ட அது இழுத்து உள்ள கொட்டும். நாம வேவோம், எஞ்சினு பொழைக்கும். சாரு சொன்னது.

— அல்லாவே... அதுக்கும் எறங்கலன்னா?

— ஓரங்கட்டி அணைச்சுடணும். ரேடியேட்டர் மூடிய மட்டும் தொறக்கக் கூடாது. ஆட்டோ மோகன் அவசரப்பட்டு தொறந்து மூஞ்சியெல்லாம் வெந்து கெடந்தானே, மறந்துட்டியா? ஆறுற வரைக்கும் சும்மா நிக்கணும். அரை மணியாவது ஆவும்.

— அரை மணியா! அந்தப் பொண்ணு காலேஜு வாசல்ல...

— எந்தப் பொண்ணு?

— ஒண்ணுமில்லங்க. பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்துல பம்பு படம் போட்டு சின்னதா ஒரு அம்பு இருக்கே, அது எதுக்கு?

— எங்க... ஆமா, கீது. டேங்க் மூடி எந்தப் பக்கம்னு காட்டுது.

— அட! தெரியாம பெட்ரோல் பங்குல தப்புப் பக்கமா நிறுத்தி, பின்னாடி நின்னவன் ஆரன் அடிச்சே...

— யாரு நிறுத்துனது? சம்சா, நான் உனக்கு அம்பு பத்தி சொன்னதே இல்ல. அது இன்னா சத்தம்? லாரி போவுது. சமையல்கட்டுல ஏது லாரி?

— திட்டாதீங்க.

— வீடியோ போடு.

— வேணாங்க.

— போடுன்றேன்... அது இன்னாது, ஸ்டீயரிங்கா? நீ எந்த சீட்டுல கீற?

— டிரைவர் சீட்டுல. நடுரோட்டுல இல்லங்க, ஓரமா நிறுத்திட்டேன். ஹீட்டரும் போட்டுட்டேன், நீங்க சொன்ன ஒடனே. ஐயோ, வேர்த்து ஊத்துது.

— முள்ளு?

— சிவப்ப தொட இருந்துச்சு. இப்ப எறங்குது.

— கீழ தண்ணி ஒழுகுதா, பாரு.

— குனிஞ்சு பாத்தேன். ஒழுகல.

— சரி, ஒக்காரு. எவ்ளோ நாளா இது?

— அஞ்சு மாசம். மேடத்தோட டிரைவர் ஊருக்கு போய்ட்டாரு. அவங்க பொண்ண காலேஜுக்கு கூட்டினு போவ பொம்பள டிரைவர்தான் வேணும்னு என்ன டிரைவிங் கிளாசுல சேத்தாங்க. மூணு வாட்டி பெயிலு. அழுதுட்டேன். அப்பறம் போன வாரம்தான் பாஸு.

— அஞ்சு மாசமா நான் நிக்கிற வண்டியில உன்ன ஏத்திகினு கூவத்தூரு, புதுப்பட்டினம்னு சொல்லிகினு கீறேன். நீ சிரிச்சிருப்ப.

— சிரிக்கலங்க. அதனாலதான் சொல்ல முடியல. நீங்க ஓட்ட நான் பக்கத்துல ஒக்காந்து போறது எனக்குப் புடிச்சிருந்துச்சு. சொல்லிட்டா அது போய்டுமோன்னு பயம்.

— எனுக்கு எங்கடி ஓட்டத் தெரியும்!

— எனக்கும்தான் தெரியாம இருந்துச்சு. நேத்து மொத தடவ தனியா போனேங்க. பாலத்து மேல ஏறுனா ரெண்டு பக்கமும் கடலு. கண்ணாடிய எறக்கிவுட்டேன். யாரும் பேரு சொல்லி கூப்புடல. பாத்திரம் இல்ல, துணி இல்ல. நானும் ரோடும்தான். கத்தணும் போல இருந்துச்சு.

— கத்துனியா?

— கத்துனேன். ஏங்க, மேடம் விசாவ மாத்தித் தரேன்றாங்க. டிரைவர் விசா. இன்னும் ரெண்டு வருசம். சாயங்காலம் பதில் சொல்லணும். அதக் கேக்கத்தான் இன்னிக்கு போன் போட்டேன், பேசிட்டே போற வழியில முள்ளு ஏறிடுச்சு. நீங்க வான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வந்துடுறேன். வருத்தமெல்லாம் பட மாட்டேன், சத்தியமா.

— சத்தியம் பண்ணாத. உன் மூஞ்சி தெரியுது எனுக்கு.

— வேர்வைங்க.

— தொடச்சுக்க. முள்ளு இப்ப எங்க?

— நடுவுக்கு வந்துடுச்சு.

— கொஞ்ச நேரம் அங்கயே நிக்குதான்னு பாரு. அந்தப் பொண்ணுக்கு லேட்டாவும்னு சொல்லிடு. அவள ஏத்திகினு நேரா மெக்கானிக் கிட்ட போ, மெதுவா. ஏசி போடாத.

— சரிங்க. உங்க முள்ளு?

— என்னுதும் வந்துடுச்சு. அணைச்சுட்டேன். சத்தமே இல்ல இங்க, கடல் மட்டும் கேக்குது.

— ஏங்க... மேடம் கிட்ட இன்னா சொல்லட்டும்?

— விசாவ மாத்தச் சொல்லு.

— நெசமாவா? உங்களுக்கு... ஹனியாவுக்கு...

— ஹனியா கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ போன வெச்சுட்டு ரோட்டப் பாரு.