சராசரி எண்பது

— கதவைச் சாத்துடா விக்டர். இந்த ரூம்ல இருக்கறது காஸ்பர் நான், என் பொண்ணு ஸ்டெல்லா, என் புள்ள நீ. மூணே பேர். பேச்சு வாசப்படியத் தாண்டக் கூடாது. இப்ப சொல்லும்மா, இன்னா தப்பு?

— என் குவாண்டம் பேட்டரிக் கட்டுரைல தப்பு, நைனா. நூத்துக்கு எண்பது பங்கு சக்தி நிக்கும்னு எழுதினேன். அது சராசரி. ஊசலாட்டத்தக் கணக்குல விட்டுட்டேன்.

— ஊசலாட்டமா?

— ஒருவாட்டி அளந்தா நெறைஞ்சிருக்கும். அடுத்தவாட்டி காலி. அளக்கற வரைக்கும் எதுன்னு சொல்லவே முடியாது.

— நம்ம போர் மோட்டாருக்கு வர கரண்டு மாதிரி. ஸ்டெபிலைசர் வெச்சா தீந்துது.

— இது கோளாறு இல்ல நைனா. அணு அளவுல அதோட குணமே அதான். வேகமா சார்ஜ் ஏத்தணும்னா அந்த நிச்சயமில்லாத்தனம் இருந்தே ஆகணும். நான் வேகத்த மட்டும் சொல்லிட்டேன்.

— இத யார் கண்டுபிடிச்சது?

— நான்தான். முந்தாநாள்.

— வேற யாருக்குத் தெரியும்?

— யாருக்கும் தெரியாது.

— அப்ப வாய மூடிக்கோ. நாலு தலைமுறையா செஞ்சில நம்ம மேல ஒரு சொல்லு விழுந்ததில்ல. ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் உன் பேரச் சொல்லி வாழ்த்தப் போறாரு. பஸ் ஸ்டாண்டுல உன்ன வாழ்த்தி பேனர் தொங்குது.

— தொங்கல நைனா. அக்கா சொல்லிச்சு, காலையில அவுத்துட்டு வந்துட்டேன். அதுல அக்கா மூஞ்சிய விட உங்க மூஞ்சிதான் பெருசா இருந்துது.

— அடப்பாவி! பட்டப்பகல்ல அவுத்தியா? ஊரே பாத்திருக்கும்டா!

— பேனர விடுங்க நைனா, எனக்குப் பயமா இருக்குது. கட்டுரைய வாபஸ் வாங்கிக்கறேன்னு மெயில் எழுதி வெச்சிருக்கேன். அனுப்ப விரல் வரல. அனுப்பினா என் படிப்பே போயிடலாம். ஆனா என் எண்பத நம்பி எங்க லேப்ல மங்கைன்னு ஒரு பொண்ணு ஒரு வருஷமா வேலை செய்யறா. இது வரைக்கும் அது தப்பு. தெரிஞ்சப்புறமும் சும்மா இருந்தா பொய்.

— பொய்யா? நம்ம குடும்பத்துலயா?

— நைனா, மெதுவா. ஜன்னல்ல பாருங்க, வாசல் கேட்டாண்ட பக்கத்து வீட்டு செல்லப்பன் மாமா நிக்கறாரு. கூப்புடறாரு.

— காஸ்பரு! பேனரை அவுத்துட்டீங்களாமே? உம் பொண்ணு யாரோ எழுதினதத் திருடிட்டா, காலேஜ விட்டே தொரத்திட்டாங்கன்னு கடைத்தெருவுல பேசிக்கறாங்களேப்பா!

— நைனா, அவராண்ட எதுவும் சொல்ல வேணாம். நான் இன்னும் அனுப்பல...

— திருடல, செல்லப்பா. யாரும் தொரத்தல. கணக்குல தப்பு, அவளுதுதான். கண்டுபிடிச்சதும் அவதான். வாபஸ் மெயிலும் அனுப்பிட்டா.