பச்சை மை அட்டை

ராத்திரி ரெண்டு பத்து. மன்னார்குடி தாண்டி, வெண்ணாற்றுக்கு இந்தப் பக்கம், வாய்க்காலை ஒட்டியே போகும் ஒரு ரோடு. விளக்கு கிடையாது. வீடு கிடையாது. தவளைச் சத்தம் மட்டும்... அதுவும் லாரி கிட்டே வந்தால் நின்றுவிடும்.

நம்ம தெரு ராஜ்குமாரின் தாய்மாமன் துரைராசு அந்த ரோட்டில்தான் வந்துகொண்டிருந்தார். பேராவூரணியில் ஏற்றிய தேங்காய். விடிவதற்குள் மயிலாடுதுறை மண்டியில் இறக்க வேண்டும். மூட்டை கட்டாத லோடு. காயை அப்படியே கொட்டி, மேலே தார்ப்பாய் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டியது. இந்த மாதிரி லோட்டில் ஒரு விசேஷம் உண்டு. மேலே யாராவது காலை வைத்தால் கேபினுக்குள் கேட்கும்.

கேட்டது.

கடக்... கடக்... கடக்.

பின்னாலிருந்து முன்னால். நிதானமாக. ஓடுகிற லாரியின் மேல், காற்று வாங்கப் போகிறவர் மாதிரி.

துரைராசுவின் கை சீட்டுக்குப் பின்னால் போனது. அங்கே சிவப்புத் துணியில் சுற்றி ஒரு ஏர்கன் இருந்தது. அது அங்கே எப்படி வந்தது என்று சொல்லாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள்.

அந்த லாரி, நடராசன் என்பவருடையது. அவர் வெறும் முதலாளி இல்லை. 'டெல்டா கனரக வாகன ஓட்டுநர் உரிமை மீட்புப் பேரவை'யின் நிறுவனத் தலைவர். பேரவையில் மொத்தம் ஆறு பேர். அதில் ஒருவர் ஓட்டுவது ஷேர் ஆட்டோ. அந்த வருஷம் வேகத்தடையில் லாரி மெதுவாகும்போது பின்னால் தொற்றி ஏறி, தார்ப்பாயைக் கிழித்துக் காயை உருட்டிவிடும் கும்பல் ஒன்று திரிந்தது. தட்டிக் கேட்ட துரைராசுவுக்கு முன்பல் ரெண்டு போனது. நடராசன் கொதித்தார். பேரவையைக் கூட்டினார். கண்டனத் தீர்மானம் போட்டார். ஃப்ளெக்ஸ் வைத்தார். கடைசியில் ஒரு ஏர்கன் வாங்கினார்.

"மொதலாளி, இதை ரோட்டுல எடுத்துட்டுப் போலாமுங்களா?"

"என்னய்யா கேள்வி? குழாய் பாயிண்ட் ஒன் செவன் செவன். வேகம் இருபது ஜூலுக்குள்ள. லைசன்ஸே தேவையில்ல. சட்டம் தெரியாம வண்டி ஓட்டுற பாரு!"

ஜூல் என்றால் என்ன என்று துரைராசு கேட்கவில்லை. கேட்காததில் நடராசனுக்கும் நிம்மதி. விற்ற கடைக்காரர் மட்டும், "வீட்டுல வச்சு டப்பாவைச் சுடுங்க. ரோட்டு விஷயத்தை எங்கிட்ட கேக்காதீங்க" என்றார். தெரிந்த ஏட்டு ஒருவர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "லைசன்ஸ் வேணாம்தான். ஆனா, அது பிடிக்கிறவரைப் பொறுத்தது."

பிடிக்கிறவருக்கும் நடராசன் வழி வைத்திருந்தார். பேரவை லெட்டர்பேடில் ஒரு கடிதம். 'இக்கடிதம் கொண்டுவரும் திரு. துரைராசு, காற்றுத் துப்பாக்கியுடன் சாலையில் செல்ல முழு உரிமை பெற்றவர் எனச் சான்றளிக்கப்படுகிறது.' கீழே பச்சை மையில் கையெழுத்து. பெரிய ஆபீசர்கள்தான் பச்சை மையில் போடுவார்கள் என்று யாரோ சொன்னதற்கு, "அவங்களுக்கு மட்டுமா மை விக்கிறாங்க?" என்றார். லேமினேஷன் போட்ட சூட்டோடு அட்டையை நீட்டினார்.

லாரி கிளம்பிய அன்றைக்கு ஆயுத பூசை. ஷெட்டில் லாரிக்கு வாழைக்கன்று கட்டி, ஜாக்கி, ஸ்பேனர், திருப்புளி எல்லாம் வரிசையாக வைத்து, நடுவில் ஏர்கன். குழாய் முனையில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பூசையில் வைத்த சாமானை மறுநாள் காலையில் கற்பூரம் காட்டித்தான் எடுப்பார்கள். அதுவரை யாரும் தொட மாட்டார்கள். துரைராசுவுக்கு அது தெரியும். நடராசனுக்கும் தெரியும். ஆனால் மண்டியிலிருந்து போன் வந்துவிட்டது.

"விடியட்டும் மொதலாளி. பூசையில கிடக்குற ஆயுதம்..."

"மோட்டார் வாகனச் சட்டத்துல எந்தப் பிரிவுல இருக்கு ஆயுத பூசை? காட்டு, பாப்போம்."

துரைராசுவால் காட்ட முடியவில்லை. நடராசனே ஏர்கனை எடுத்துக் கையில் கொடுத்தார். சந்தனம் இன்னும் காயவில்லை.

இப்போது ரெண்டு பத்து. துரைராசு லாரியை ஓரங்கட்டினார். எஞ்சினை அணைத்தார். ஏர்கனும் டார்ச்சுமாக இறங்கினார்.

தார்ப்பாயின் மேல் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முதுகு இந்தப் பக்கம்.

"யார்ரா அது? எறங்குடா கீழ!"

ஆள் திரும்பவில்லை. துரைராசுவின் நாக்கு, பல் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தது.

டப்.

அவ்வளவுதான். கத்தல் இல்லை. விழுந்த சத்தம் இல்லை. டயரிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி... புஸ்ஸ்... என்று ஒரு மூச்சு. டார்ச்சோடு மேலே ஏறிப் பார்த்தார். ஆள் இல்லை. தார்ப்பாயில் கிழிசல் இல்லை. கயிறு கட்டினது கட்டினபடி. அரைத்த சந்தன வாசனை மட்டும், கும்மென்று.

வண்டியை எடுத்தார். ஒரு கிலோமீட்டர் போயிருப்பார். ரோட்டின் குறுக்கே பேரிகார்டு. இருபது வருஷமாக அந்த ரோட்டில் ஓட்டுகிறார், அங்கே செக்போஸ்ட் இருந்ததே இல்லை. ஒரு குண்டு பல்பு. அதன் கீழே ஒரு போலீஸ்காரர். சட்டையில் மடிப்புக் கலையவில்லை.

"ஆர்.சி. பர்மிட். இன்சூரன்ஸ்."

கொடுத்தார்.

"அப்புறம் அது."

எது என்று துரைராசு கேட்கவில்லை. அட்டையை நீட்டினார். போலீஸ்காரர் விரல் வைத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். அந்தக் கடிதத்தை அப்படி முழுசாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். எழுதிய நடராசன்கூடப் படித்ததில்லை. போலீஸ்காரர் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். வாயருகே வைத்து ஊதினார்.

புஸ்ஸ்...

குத்தினார்.

"பேப்பர் சரியா இருக்குங்க. நீங்க போலாம்."

பேரிகார்டை இழுக்கத் திரும்பினார். ஹெட்லைட் வெளிச்சம் அவர் பிடரியில் விழுந்தது. கடுகளவு ஓட்டை. ரத்தம் இல்லை. ஓட்டையைச் சுற்றி சந்தனம். அதன்மேல் குங்குமம்.

விடிந்ததும் துரைராசு நேராக ஒரு ஸ்டேஷனுக்குப் போனார். "ஒருத்தரைச் சுட்டுட்டேங்க" என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"பாடி எங்க?"

"இல்லீங்க."

"புகார் யாரு?"

"யாருமில்லீங்க."

"எதால சுட்ட?"

ஏர்கனையும் அட்டையையும் மேஜைமேல் வைத்தார். அவர் முத்திரையைப் பார்த்தார். முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. "எல்லாம் சரியா இருக்கே. எடுத்துக்கிட்டுப் போங்க."

அன்றே வெண்ணாற்றுப் பாலத்திலிருந்து ஏர்கனை வீசினார். காலையில் சீட்டுக்குப் பின்னால் இருந்தது, சந்தன ஈரத்தோடு. அட்டையை அடுப்பில் போட்டார். சட்டைப் பையில் இருந்தது. வேறு ரோட்டில் போனார். செக்போஸ்டும் அந்த ரோட்டுக்கு வந்தது. வண்டியே வேண்டாம் என்று வீட்டில் படுத்தார். ரெண்டு பத்துக்கு வாசலில் புஸ்ஸ்... காலையில் அட்டையில் இன்னொரு முத்திரை. அவர் மனைவி நாகம்மாள் மண்ணெண்ணெய் தொட்டு அழித்துப் பார்த்தாள். போகவில்லை.

"என்னங்க... இது பிளாஸ்டிக்குக்கு உள்ள இருக்குங்க."

பதினோராம் நாள் துரைராசு நடராசன் வீட்டுக்குப் போனார். கண் ரெண்டும் உள்ளே போயிருந்தது.

"மொதலாளி, ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. எனக்கு அந்த உரிமை இல்லன்னு. பேப்பர் சரியா இருக்கு, சரியா இருக்குன்னு அந்தப் போலீஸ்காரரு விட்டுட்டுப் போறாரு. தப்புன்னு இருந்தா என்னைப் பிடிச்சுட்டுப் போயிருவாரு. அதோட முடிஞ்சுரும். என்னால தாங்க முடியல."

நடராசன் யோசித்தார். யோசித்தது துரைராசுவைப் பற்றி இல்லை. அந்த ஒரு வரியை எழுதினால், முதல் கடிதம் எழுத அவருக்கு அதிகாரமே இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

"கொடுத்த உரிமையைப் பேரவை திரும்ப வாங்கினதா சரித்திரமே இல்லய்யா."

பேரவை தொடங்கி ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

துரைராசு கையெடுத்துக் கும்பிட்டார். அழுதார். நடராசன் அவர் தோளைத் தட்டி, "சட்டப்படி உம்மேல ஒரு குத்தமும் இல்ல. தைரியமா ஓட்டு" என்று சாவியைக் கையில் வைத்தார்.

மறுநாள் காலை ராஜ்குமாருக்குப் போன் வந்தது. அதே வாய்க்கால் ரோடு. லாரி ஓரமாக நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கேபின் ரெண்டு பக்கமும் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. கண்ணாடியை உடைத்துத்தான் திறந்தார்கள். உள்ளே துரைராசு இல்லை. ஏர்கன் இல்லை. சீட்டின் மேல் அட்டை மட்டும். வாய்க்காலைக் கலக்கித் தேடினார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. நாகம்மாள் ராத்திரியில் வாசல் விளக்கை அணைப்பதில்லை.

அட்டையை நடராசன் விடவில்லை. பன்னிரண்டு முத்திரை விழுந்த பேரவைக் கடிதம் வேறு யாரிடம் இருக்கிறது? கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆபீஸில் தன் நாற்காலிக்குப் பின்னால், தலைக்கு நேராக மாட்டினார். வருகிறவர்களிடம், "மேலிடமே அங்கீகரிச்சது" என்று காட்டினார்.

போன மாதம் அவருக்கு ஒரு பாராட்டு விழா. அவரே ஏற்பாடு செய்தது. அதற்கு முதல் நாள் டை அடிக்க சலூனுக்குப் போனார். பேரவையின் சாதனைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். சலூன்காரர் 'ம்... ம்...' போட்டபடி பின்கழுத்து முடியை ஒதுக்கினார். சீப்பு நின்றது.

"கோயிலுக்குப் போயிட்டு வந்தீங்களாய்யா?"

"இல்லயே. ஏன்?"

"பிடரியில சந்தனம் வச்சிருக்கீங்க."

துண்டின் நுனியால் துடைத்தார். போகவில்லை. மறுபடியும் துடைத்தார்.

"இன்னும் ஈரமா இருக்குங்கய்யா."